உங்கள் பெயரை எழுதவும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பரிவில் பிறக்கவில்லை, கோபத்தில் பிறந்தது. ஓர் இணைய இதழுக்குக் கதை அனுப்ப உட்கார்ந்தேன். கூடவே ஆசைப்பட்டு, கரையான்சாவடி ஸ்டூடியோவில் எடுத்த என் படம் ஒன்றையும் சேர்த்தேன். 'பேனர் அடிக்கக்கூட ஆகும் சார்' என்று ஸ்டூடியோக்காரர் பெருமையாகக் கொடுத்த படம். பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் நிரப்பி 'அனுப்பு' என்பதை அழுத்தினேன். வட்டம் சுற்றியது, சுற்றியது, நின்றது. சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது: 'உங்கள் பெயரை எழுதவும்.'

எழுதினேன். மறுபடியும் கேட்டது. இனிஷியலோடு எழுதினேன். இனிஷியலைப் பின்னால் போட்டு எழுதினேன். ஆதாரில் உள்ளபடி, அப்பா பெயரோடு, எனக்கே பிடிக்காத அந்த முழுப் பெயரையும் எழுதினேன். உங்கள் பெயரை எழுதவும். இத்தனை வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறவனைப் பார்த்து யாரப்பா நீ என்று கேட்டால் வயிறு எரியாதா? எனக்கு எரிந்தது.

மாடி வீட்டில் இருக்கும் கார்த்திகேசன் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். அவர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சார், அது உங்க பேரக் கேக்கல. உங்க போட்டோ பெருசா கீது, அதான். இந்த அளவுக்கு மேல வாங்காதன்னு சர்வர்ல ஒரு ஃபைல்ல எழுதி வெச்சிருப்பாங்க. அளவு மீறிச்சுன்னா மூட்டைய மட்டும் தள்ளாது. மூட்டை, பேரு, ஊரு எல்லாத்தையும் சேத்துத் தள்ளிட்டு, அப்றம் வெறும் பெட்டியப் பாத்து, 'யாரு நீ, பேரச் சொல்லு'ங்கும்."

என் கோபம் அங்கேயே போய்விட்டது. அதன் இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. எனக்கு மாடியில் ஒரு கார்த்திகேசன் இருந்தார். இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? தன் பெயரைத் தானே தப்பாக எழுதுகிறோம்போல என்று நினைத்துக்கொண்டு, மறுபடி மறுபடி எழுதிக்கொண்டே இருப்பார்கள் இல்லையா?

அப்படி ஒருத்தியை எழுதலாம் என்று தோன்றியது.

2

அந்த ஃபைலைப் பற்றி ஒரு வார்த்தை. இணையதளங்களை ஓட்டுகிற பி.எச்.பி. என்ற மொழிக்கு ஐ.என்.ஐ. ஃபைல் என்று ஒன்று உண்டு. எவ்வளவு பெரிய கோப்பை வாங்கலாம், எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று வரிவரியாகச் சட்டம் எழுதியிருக்கும். ஒரு வரியின் தலையில் அரைப்புள்ளி போட்டுவிட்டால் இயந்திரம் அதைப் படிக்காது, தாண்டிப் போய்விடும். ஆனால் வரி அங்கேயே இருக்கும், மனிதர்கள் படிக்கலாம். வேண்டாத வரியை அழிக்காமல் வைத்திருக்க இதைவிட நாகரிகமான ஏற்பாடு எனக்குத் தெரியாது. நான் கைவிட்ட வரிகளையும் அப்படியே வைக்கிறேன்.

;அம்பத்தூரில் அன்று மழை.

;சுவேதாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவளுடைய உலகம் மௌனத்தால்

;ரூபஸ் ஒரு நல்லவன்.

முதல் வரியை ஏன் விட்டேன் என்று சொல்லவே வேண்டாம். இரண்டாவது வரி பாதியில் நிற்கக் காரணம் வெட்கம். காது கேட்கும் ஒருவன் கேளாத ஒருத்தியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் மௌனம், உலகம் என்றெல்லாம் கை தானாக ஓடுகிறது. அந்தப் பெண்ணிடம் கேட்டால், 'எனக்கு இன்னா மௌனம்? எங்க ஊட்ல ஒரே சண்ட, எல்லாம் கைலயே நடக்கும்' என்பாள். சுவேதா என்ற பெயரும் ஒட்டவில்லை. அவள் அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், சினிமாப் பிரியர், மகள் பிறந்த காலத்தில் எந்தப் பெயர் போஸ்டரில் பெரிதாக இருந்ததோ அதைத்தான் வைத்திருப்பார். ஆகவே சிம்ரன்.*

மூன்றாவது வரி உண்மைதான். ஆனால் அந்த நல்லதனமே இந்தக் கதையில் தொல்லை செய்யப்போகிறது என்பதால் முன்கூட்டிப் பாராட்ட வேண்டாம் என்று விட்டேன்.

* ஒரு நாள் முழுக்கச் சுவேதா என்று எழுதிவிட்டு மாற்றினேன். அப்புறம் பார்த்தால், என் கணினியில் இதே கதை மூன்று இடத்தில் ஒரே பெயரில் கிடக்கிறது. நான் திருத்தியது வேறு பிரதியை. இனி இதே தப்பைச் செய்யப்போகிற ரூபஸைக் கேலி செய்ய எனக்கு அருகதை இல்லை.

3

அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு லேத் பட்டறையின் மாடியில், காது கேளாதவர்களுக்கு வேலை தேடித் தருகிற சிறிய நிலையம் ஒன்று இருந்தது. நடத்துகிறவர் மேனாம்பேட்டு ராஜகுமாரி. காது கேளாத தம்பிக்காகச் சைகை மொழி கற்றவர், பிறகு ஊருக்கே அக்காவாகிவிட்டார். இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிறவன் ரூபஸ். ஆவடிக்காரன், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவன், 'இல்லை' என்ற சொல்லை நேராகச் சொல்லத் தெரியாதவன்.

இங்கே விண்ணப்பம் என்றால் காகிதம் கிடையாது. வேலை கேட்பவர் தன்னைப் பற்றிச் சைகையில் பேசி, அதை வீடியோ எடுத்து, பெயரோடு தளத்தில் ஏற்ற வேண்டும். பூந்தமல்லிப் பக்கம் மருந்து டப்பாக்களைப் பரிசோதிக்கும் கம்பெனி ஒன்று ஆள் கேட்டிருந்தது. கண் கூர்மையாக இருந்தால் போதும் என்ற வேலை. விஜயதசமி காலையில் ஆளைத் தேர்ந்தெடுப்பதாக நல்ல நாள் பார்த்திருந்தார்கள். ஆயுத பூஜை அன்று மாலை ஆறு மணியோடு பக்கம் தானாக மூடிக்கொள்ளும்படி ரூபஸ் செய்திருந்தான்.

(வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆகாதா என்று கேட்கிறீர்கள். நானும் கேட்டேன். போன முறை யாரோ சிபாரிசில் நுழைந்தார்கள் என்று பேச்சு வந்ததிலிருந்து, ராஜகுமாரி எல்லாருக்கும் ஒரே வாசல் என்று சொல்லிவிட்டார். கதாசிரியன் நினைத்தாலும் அவரை அசைக்க முடியவில்லை.)

ஆயுத பூஜைக்கு முதல் நாள் காலையில் ரூபஸுக்குப் போன் வந்தது. அயனம்பாக்கத்திலிருந்து உதயகுமார், சிம்ரனின் அப்பா.

"சார், எம்பொண்ணு வீடியோ போடுது சார். ஆனா பேரு எழுது, பேரு எழுதுன்னே வந்துகினு கீதாம். எழுதிட்டுதான் சார் அனுப்புது. நானும் பக்கத்துல நின்னு பாத்தேன். ராத்திரி சரியா சாப்டக்கூட இல்ல சார் அது. 'எனக்குப் பேருகூட எழுதத் தெரிலயா'ன்னு என்னக் கேக்குது."

ரூபஸுக்கு உடனே விளங்கியது. போன வாரம்தான் பழைய சர்வர் போய், புது இயந்திரம் வந்திருந்தது. தளத்தை மாற்றியவன், பழையதில் கூட்டி வைத்திருந்த அளவைப் புது இயந்திரத்தின் ஐ.என்.ஐ. ஃபைலிலும் கூட்ட மறந்திருந்தான். புது இயந்திரம் பொட்டலம் அளவுக்குத்தான் வாங்கும். சிம்ரன் அனுப்பியதோ பெரிய மூட்டை. அதைவிட அவனைச் சுட்டது இன்னொன்று. 'உங்கள் பெயரை எழுதவும்' என்ற அந்தச் சிவப்பு வரி, அவன் கையால் எழுதியது.

"அஞ்சு நிமிஷம்ணே," என்றான்.

அந்த அஞ்சு நிமிஷம் மத்தியானம் வரை ஓடியது. தளத்தின் கோப்புறையில் ஒரு ஐ.என்.ஐ. ஃபைல் இருந்தது, பழைய இயந்திரத்திலிருந்து அவனே கொண்டுவந்து போட்டது. அதில் அளவை இன்னும் கூட்டினான். ஒன்றும் நடக்கவில்லை. அதை யாரும் படிப்பதே இல்லை, சும்மா கிடக்கிறது என்று அப்புறம்தான் உறைத்தது. கட்டளைகளை எழுத்தில் அடிக்கிற கறுப்புத் திரையைத் திறந்து, எந்த ஃபைலைப் படிக்கிறாய் என்று பி.எச்.பி.யைக் கேட்டான். அது மரியாதையாக ஓர் இடத்தைக் காட்டியது. அங்கே போய் மாற்றினான். கறுப்புத் திரையில் புது அளவு வந்துவிட்டது. இணையப் பக்கத்தில் வரவில்லை.

ராஜகுமாரி எட்டிப் பார்த்தார். "இன்னாடா, ஒரே ஃபைல எத்தினி வாட்டி மாத்துவ?"

"ஒரே பேருக்கா, ஆனா வேற வேற ஃபைலு. கறுப்புத் திரைக்கு ஒண்ணு, வெப் சர்வருக்கு ஒண்ணு, யாருக்குமே இல்லாம ஒண்ணு."

"எங்க தெருல வேம்புலினு கூப்டா மூணு பேரு திரும்புவானுங்க, அந்தக் கத கணக்கா கீது."

"இங்க ஒருத்தனும் திரும்பலக்கா."

கடைசியில் ரூபஸ் செய்ய வேண்டியதைச் செய்தான். ஒரு வரிப் பக்கம் ஒன்றை எழுதி, உலாவியிலேயே திறந்தான். சர்வர் தன் ஜாதகம் முழுவதையும் ஒப்பிக்கும் பக்கம் அது. நீளமான அட்டவணையில், தான் உண்மையில் படித்த ஃபைல் எது என்று ஒரு வரி இருந்தது. அவன் இதுவரை போகாத இடம். போனான், ஒரு கோப்புக்கு ஒன்று, மொத்த விண்ணப்பத்துக்கு ஒன்று என்று இருந்த இரண்டு அளவையும் கூட்டினான், சேமித்தான்.

இன்னும் ஒரே ஒரு வேலை பாக்கி. சர்வர் அந்த ஃபைலைத் துயில் எழும்போது ஒருமுறைதான் படிக்கும். ஒரு தடவை நிறுத்தி எழுப்ப வேண்டும்.

"ரூபஸு! வாடா, கற்பூரம் ஏத்தப்போறோம்!"

4

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆயுத பூஜை எப்படி இருக்கும் என்று அங்கே ஒரு நாள் வேலை செய்தவர்களுக்குக்கூடத் தெரியும். ஒவ்வொரு பட்டறை வாசலிலும் வாழைக்கன்று, ஒவ்வொரு மெஷினுக்கும் மாலை. விடுமுறைக்கு முதல் நாளே பூஜையை முடித்து, பொரி, கடலை, ஸ்வீட் பாக்கெட்டோடு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ரூபஸ் திரும்பிப் பார்த்தபோது புது சர்வரின் நெற்றியில் சந்தனம், குங்குமம். ஒரு முழம் பூ. ராஜகுமாரி கற்பூரத் தட்டோடு நின்றார். பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள்.

"புது மிஷினு, மொதப் பூஜ," என்றார், வாயால் சொல்லியபடியே ஒரு கையால் சைகையும் செய்து. "ஓடிக்கினே இருக்கட்டும். ஆனா இப்பலர்ந்து நாளைக்கி பூரா அதுக்கு ரெஸ்ட்டு. எவனும் கை வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

பிள்ளைகள் சிரித்தார்கள். ரூபஸ் சிரிக்கவில்லை. அவன் கை கீபோர்டுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

இந்த இடத்தில்தான் என் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. ஒரு கட்டளை. அரை நிமிஷ வேலை. கீழே லேத் பட்டறையில் அவசர ஆர்டர் வந்தால் பொட்டு வைத்த மெஷினைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஓட்டுவார்கள். ரூபஸ் ஏன் வாயைத் திறக்கவில்லை?

ஏனென்றால் அது அவன் வழக்கம் இல்லை. தன் வீட்டு வழக்கமாக இருந்தால் எங்கே வளைக்கலாம், எங்கே கூடாது என்று தெரியும். அடுத்தவர் வழக்கத்தில் எந்த வரி கண்டிப்பு, எந்த வரி சும்மா சொன்னது என்று தெரியாதவன், எல்லா வரியையும் அப்படியே கடைப்பிடிப்பான். 'கிறிஸ்டியன் பையன், பூஜையில வெச்சதத் தொட்டுட்டான்' என்று ஒரு பேச்சு வந்து ராஜகுமாரி அக்கா மனம் நோகக்கூடாது என்பதுதான் அவன் கவலை. மறுநாள் ஒரு நாள்தானே, ஏதாவது வழி பிறக்கும் என்று பொரிப் பாக்கெட்டை வாங்கிக்கொண்டான்.

"முடிஞ்சிச்சாடா அந்தப் பொண்ணு வேல?" என்று படியிறங்கும்போது ராஜகுமாரி கேட்டார்.

"மாத்திட்டேன்கா," என்றான். பொய்யில்லை. ஆனால் உண்மையும் இல்லை.

;ரூபஸ் திரும்பி மாடிக்கு ஓடினான். ஓடி, ஒரே மூச்சில்

இல்லை. அவன் ஓடவில்லை. நானும் எவ்வளவோ தள்ளிப் பார்த்தேன்.

5

மறுநாள் பிற்பகல், ஆவடி வீட்டில் ரூபஸின் போனுக்கு ஒரு மெயில் வந்தது. தளத்தில் யாராவது வீடியோ ஏற்றினால் அவனுக்குத் தகவல் வரும். பெயர்: சிம்ரன்.

எப்படி ஏறியது? கோப்பின் அளவைப் பார்த்தான். மிகச் சிறியது. திறந்தான்.

நீலச் சுவருக்கு முன்னால் ஒரு பெண் நின்றாள். தலைவாரி, பூ வைத்து, நல்ல சுடிதார் போட்டிருந்தாள். காமிராவைப் பார்த்து ஒரு சைகை செய்தாள். காத்திருந்தாள். அதையே இன்னும் மெதுவாகச் செய்தாள். அப்புறம், விளங்காத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல, விரல்களால் ஒவ்வோர் எழுத்தாகக் காட்டினாள். அதோடு முடிந்தது. வேலை, படிப்பு, ஊர், ஒன்றும் கிடையாது.

ராஜகுமாரியிடமிருந்து எழுத்துக்கள் மட்டும் கற்றிருந்தான் ரூபஸ். கூட்டிப் படித்தான். சிம்ரன்.

(அந்த முதல் சைகையை, அவளுடைய சொந்தக்காரர்கள் அவளைக் கூப்பிடும் சைகையை, நான் வர்ணித்து எழுதிவிட்டு எடுத்துவிட்டேன். அவள் பெயரை நான் இட்டுக்கட்டக் கூடாது என்று பட்டது. அதை அவள் வைத்துக்கொள்ளட்டும்.)

பெயரை எழுது, எழுது என்று கேட்ட பக்கத்துக்கு, எழுத்தில் புரியவில்லைபோல, சைகையில்தான் கேட்கிறதுபோல என்று நினைத்து, பெயரை மட்டும் படம் பிடித்து அனுப்பியிருக்கிறாள். நாளைக்குக் கம்பெனிக்காரர்கள் பார்த்தால், பெயர் மட்டும் சொல்லிவிட்டுப் போன ஒருத்தியைத்தான் பார்ப்பார்கள். ரூபஸுக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைப்பானேன். உடனே ராஜகுமாரிக்குப் போன் போட்டான்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும், தப்பா நெனச்சிக்காதீங்க. அந்த சர்வர்ல பொட்டு வெச்சிருக்கீங்க இல்ல, அதுல இன்னிக்கி கை வைக்கலாமா?"

"இன்னாடா சொல்ற? நேத்தே மாத்திட்டேன்னியே?"

"ஃபைல்ல மாத்திட்டேன்கா. ஆனா சர்வர ஒருவாட்டி நிறுத்தி எழுப்புனாதான் அது படிக்கும். அதுக்குள்ள நீங்க கற்பூரம் காட்டிட்டீங்க."

"அத அப்பவே வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?"

"உங்க சாமி விஷயம், நான் எப்படிக்கா..."



"அடப்பாவி ரூபஸு. நீ மூஞ்சிய ஒரு மாதிரி வெச்சிக்கினு நின்ன. குங்குமம் வெச்சது உனக்கு ஒப்பல போலனு நெனச்சி, நான் அரக்கப் பரக்க பூஜைய முடிச்சேன். ஒரு பாட்டுகூடப் பாடல."

"எனக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா!"

"தெரிஞ்சிச்சா இப்போ? ரெண்டு பேரும் மரியாத குடுத்துக்கினு நின்னோம். நடுவுல அந்தப் பொண்ணு மாட்டிக்கிச்சு."

வீட்டிலிருந்தபடி அந்த சர்வரைத் தொட வழியில்லை, ரூபஸ் கிளம்புகிறேன் என்றான்.

"நீ ஆவடிலர்ந்து வந்து சேர்றதுக்குள்ள பக்கமே மூடிக்கும். ஊட்லர்ந்து எனக்குப் பக்கம். நான் போறேன். நீ சொல்லு, நான் அடிக்கிறேன்."

"பூஜைல வெச்சதாச்சே..."

"வெச்சவ நானு. தொட்டுக் கும்பிட்டுட்டுத் தொடுறேன். இன்னிக்கி இன்னா பூஜ? சரஸ்வதி பூஜ. ஒரு பொண்ணு வேலைக்கி மனு போடறத மறிச்சாதான் அவ கோச்சிப்பா."

6

ராஜகுமாரி நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் போனில் நடந்த உரையாடலை நான் சுருக்கவில்லை. எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

"மொதல்ல சுடோ அடிங்கக்கா. எஸ், யூ, டி, ஓ. அப்றம் எடம் விடுங்க."

"சுடோவா? ஜப்பான்காரன் பேரு மாதிரி கீது. விட்டேன்."

"சிஸ்டம் சி டி எல். எல்லாம் சேத்து, சின்ன எழுத்துல."

"பூ மறைக்குதுடா, இரு... ம்."

"எடம். ரீஸ்டார்ட். எடம். அப்பாச்சி டூ. ரெண்டுன்னு நம்பர்ல. எண்டர்."

"பாஸ்வேர்டு கேக்குது."

சொன்னான்.

"அடிக்கிறேன், ஒண்ணுமே விழ மாட்டேங்குது. கீபோர்டு போயிடுச்சாடா? பொட்டு வெச்சதாலயா?"

"விழாதுக்கா. உள்ள போவுது, கண்ணுக்குக் காட்டாது. நம்பி அடிங்க."

"நீ எனக்கு நம்பிக்கையப் பத்திச் சொல்றியா? அட்ச்சிட்டேன்."

"இன்னா வந்துச்சு?"

"ஒண்ணும் வரல. சும்மா அடுத்த வரிக்கிப் போயிடுச்சு."

ரூபஸ் கட்டிலில் சாய்ந்து மூச்சு விட்டான். "ஒண்ணும் சொல்லலன்னா நல்லபடியா நடந்துச்சுன்னு அர்த்தம்கா."

ராஜகுமாரி அங்கிருந்தே சிம்ரனை வீடியோவில் கூப்பிட்டு, பெரிய வீடியோவை இப்போது அனுப்பு என்று கையால் சொன்னார். பக்கம் மூட இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. வட்டம் சுற்றியது, சுற்றியது. ரூபஸின் போனில் மெயில் விழுந்தது. இந்த முறை முழு வீடியோ. அதே நீலச் சுவர், அதே பூ. அவள் கைகள் ஓடின ஓட்டத்தில் ரூபஸுக்கு ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. ஆனால் முடிக்கும்போது அவள் சிரித்தாள், அது பிடிபட்டது.

7

இனி முடிவு. வேலை கிடைத்ததாக ஒன்று எழுதினேன். உதயகுமார் ஆட்டோவில் ஏறினவர்களுக்கெல்லாம் அன்றைக்குக் காசு வாங்கவில்லை. கிடைக்கவில்லை என்றும் ஒன்று எழுதினேன். அதில் ராஜகுமாரி வேறொரு கம்பெனிக்கு அதே வீடியோவை அனுப்புகிறார். இரண்டுமே நன்றாகத்தான் இருந்தன. ஆனால் இரண்டிலும், வேலைக்கு முன்னால் வந்த ஒரு விஷயம் பாக்கி நின்றது. அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

வீடியோ ஏறியதும், சிம்ரனிடமிருந்து ரூபஸுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது.

'அண்ணா, இந்த வாட்டி என் பேரு கரெக்டா எழுதிட்டேனா?'

ரூபஸ் பதில் எழுத ஆரம்பித்தான்.

;கரெக்டா எழுதிட்டீங்க.

அப்படியென்றால் இதுவரை எழுதியது தப்பு என்று ஆகிவிடும். விட்டான்.

;சர்வர்ல ஃபைல் அளவு கம்மியா இருந்துச்சு, அளவு மீறினா ஃபார்மே காலியாயிடும், அதனாலதான்

உண்மை. ஆனால் அவள் அதையா கேட்டாள்? விட்டான்.

;சாரி சிம்ரன்.

எதற்கு என்று அவளுக்குத் தெரியாதே.

நானும் எழுதிப் பார்த்தேன். எழுதுவதுதான் என் தொழில் என்று சொல்லிக்கொள்கிறேன், ஒரு வரி வரவில்லை. உங்கள் வாழ்க்கையில் யாருக்காவது, தப்பு அவர்களுடையது இல்லை என்று நீங்கள் எப்போதாவது சரியாகச் சொல்லியிருப்பீர்கள். எனக்கு அந்த வார்த்தைகள் தெரியவில்லை.

ஆகவே ரூபஸின் போனை உங்களிடம் கொடுக்கிறேன். அயனம்பாக்கத்தில் அவள் திரையில் 'டைப் செய்கிறார்' என்று வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது. அவள் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எழுதுங்கள்.